சைக்கிள் சீட்டு

"முட்டிவலி எப்பயிருந்து, வாத்தியாரே?"

"ஈஸ்டர் கழிஞ்சதுலயிருந்து."

"சைக்கிள் சீட்டு தாழ்ந்திருக்கும். ஏத்தி வையுங்க" என்றார் டாக்டர்.

மாணிக்கராஜ் வாத்தியார் ஏற்றினார். சங்கரன்கோவிலிலிருந்து மேலநீலிதநல்லூர்ப் பள்ளிக்கூடம் வரை வலியில்லாமல் மிதித்தார். அடுத்த வாரமே முட்டி மறுபடி குத்தியது. பார்த்தால், சீட்டு பழையபடி இறங்கியிருந்தது.

"எவனோ நம்ம சைக்கிளைத் திருட்டுத்தனமா ஓட்டுதான்" என்றார், முட்டியில் தைலம் தேய்த்த மனைவி கிருபாபாயிடம். "எதிர்வீட்டுச் சங்கரலிங்கம்தான். அவன்தான் குட்டை."

"இருக்கும், இருக்கும்" என்றாள் அவள்.

சீட்டை மறுபடி ஏற்றி, சனிக்கிழமை சாயங்காலம் அதன்மேல் சிவப்புச் சாக்பீஸ் தூளைத் தூவி வைத்தார். உட்கார்ந்தவன் வேட்டி காட்டிக்கொடுத்துவிடும்.

ஞாயிறு காலையில் தூள் கலையவே இல்லை. சீட்டு மட்டும் இறங்கியிருந்தது. குனிந்து நட்டைத் தடவி, விரலை முகர்ந்தார். தைல வாசனை!

"ஏட்டி, நீயா?"

ஆராதனைக்குப் பட்டுச்சேலை கட்டி நின்றவள் அசரவில்லை.

"ஈஸ்டர் அன்னைக்கு உங்க காலு தரையில எட்டாம, கோயில் வாசல்ல, சபையே பார்க்க, கேரியர்ல இருந்த என்னையச் சாக்கடையில தள்ளினியளே! அன்னைக்கே இறக்கிட்டேன். இனியும் இறக்குவேன். முட்டிக்குத் தைலம் இருக்கு. போன மானத்துக்கு எதைத் தேய்க்க?"