எட்டு மணி நேரம்

"ஏன் இந்த வேலைக்கு வர்றீங்க?" ஒத்திகைக்காகத் தம்பி நேர்காணல் அதிகாரி மாதிரி குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்டான்.

"மனநலம் சரியில்லாதவங்களுக்குத் துணையா இருக்கறது ஒரு சேவை..."

"மனப்பாடம்! உண்மையைச் சொல்லுக்கா."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "உண்மையா? ஆறு வருஷமா உனக்கு மாத்திரை கொடுத்துக்கிட்டு, நீ தூங்கறியான்னு பாத்துக்கிட்டு, இந்த நாலு சுவத்துக்குள்ளயே கிடக்கறேன். தினம் எட்டு மணி நேரமாவது வெளிக்காத்து மேல படணும். போதுமா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தம்பி கையிலிருந்த அவளுடைய வேலை விண்ணப்பத்தின் உச்சியில் அச்சிட்டிருந்த நிறுவனத்தின் தொலைபேசி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ போய்ட்டு வாக்கா. நான் சமாளிச்சுக்கறேன்."

நேர்காணலில் வெளுத்து வாங்கினாள். "அவங்க கத்தினா நாம கத்தக் கூடாது, கதவை மறிச்சு நிக்கக் கூடாது" என்று அடுக்க அடுக்க, மேலாளர் அம்மா அசந்துபோனார்.

"இதையெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"புத்தகத்துலதான் மேடம்." வீட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை.

முதல் நாள் காலை, அடையாள அட்டையோடு ஒரு முகவரிச் சீட்டையும் மேலாளர் நீட்டினார். "போன வாரம்தான் ஃபோன் பண்ணி ஆள் கேட்டாங்க. உங்க தெருப் பேரைப் பாத்ததும் உங்களையே போட்டுட்டேன். அலைச்சல் இல்ல பாருங்க! தினம் எட்டு மணி நேரம்."

சீட்டைப் படித்தவள் படிக்கட்டிலேயே நின்று கதவு எண்ணை மறுபடி பார்த்தாள். பிறகு அந்த முகவரிக்கே நடந்தாள்.

மணியடித்ததும் கதவு திறந்தது. தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையில் தம்பி நின்றிருந்தான்.

"என்னக்கா, அதுக்குள்ள வந்துட்ட? முதல்ல வேலைக்குக் கிளம்பு! என்னைப் பாத்துக்க இப்ப ஆள் வந்துடுவாங்க."