முதல் ஓட்டு

"ஹமீதா, இன்னும் ரெண்டு படி அரிசி சேர்த்துப் போடு! கூட்டம் வந்துக்கிட்டே இருக்கு!"

கடையிலிருந்தே மாடியைப் பார்த்துக் கத்தினார் சீனி முகம்மது. சூலியா தெருவில் கைலி வியாபாரம் செய்பவர். துணி அளக்கும் முழக்கோல் இன்று அவர் கையில் செங்கோல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

பகுதிக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முனிசிபல் கமிஷனர் பதவிக்கு அவரும் அர்ஜுனனும் போட்டி. ஓட்டுப்பதிவு நாலு மணிக்கே முடிந்துவிட்டது. முடிவு தெரிந்ததும் முனிசிபல் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ராமதாஸ் நேரில் வந்து சொல்வதாக ஏற்பாடு.

மழை பெய்தால் போதும், சாக்கடைத் தண்ணீர் கடைக்குள் புகுந்து துணி மூட்டைகளை நாசம் செய்துவிடும். மூன்று வருடமாக மனுக் கொடுத்துப் பார்த்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகுதான் தானே நிற்பது என்று கிளம்பினார்.

"அண்ணே, காலையில முதல் ஓட்டு என்னோடதுதான்!" என்றார் பால்காரர் சின்னையா.

"அதெப்படி? கதவு திறந்ததும் உள்ளே போனவன் நான்லா!" என்று குறுக்கே பாய்ந்தார் ஷேக் அலாவுதீன். "என் பங்காளிங்க ஏழு பேரையும் கையோட கூட்டிட்டுப் போனேன்."

ஒவ்வொருவர் சொல்லையும் கூட்டிக்கொண்டே வந்த சீனி முகம்மது, மாடிப்படியில் எட்டிப் பார்த்த மனைவியிடம் துள்ளினார்.

"எழுபத்தோரு ஓட்டு, ஹமீதா!"

"நம்ம பகுதியில ஓட்டு இருக்கிறதே அறுபத்து நாலு பேருக்குத்தானேங்க?"

"பிரியம் மிஞ்சிப்போச்சுடி!"

கடை சிரிப்பில் அதிர்ந்தது.

"அர்ஜுனன் அண்ணனை நினைச்சாத்தான் பாவமா இருக்கு" என்றாள் ஹமீதா.

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. மாட்டுவண்டி வைத்திருக்கும் அர்ஜுனன் அவருக்கு இருபது வருடச் சிநேகிதர். போட்டி என்று ஆன நாளிலிருந்து இரண்டு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை.

"இன்னிக்கு அவன் பேச்சை எடுக்காதே" என்றார்.

அதற்குள் வாசலில் கிராணி ராமதாஸ் வந்து இறங்கினார்.

"ஜெயிச்சிட்டீங்க, அண்ணே!"

கொட்டு முழங்கியது. சின்னையாவும் அலாவுதீனும் சீனி முகம்மதுவை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டார்கள். தலை உத்திரத்தில் இடித்தது. அவருக்கு வலிக்கவில்லை.

"எத்தனை ஓட்டு வித்தியாசம்?" என்று மேலிருந்தபடியே கேட்டார்.

"ஒண்ணு."

"ஒண்ணா? அப்ப அர்ஜுனனுக்கு எத்தனை?"

"அவருக்கு ஒண்ணுமே விழல. மொத்தமா விழுந்ததே ஒரு ஓட்டுதான்."

கொட்டு நின்றது. தோளிலிருந்தவரை மெதுவாகக் கீழே இறக்கினார்கள்.

"அது என்னோடது!" என்று மூன்று மூலையிலிருந்து மூன்று குரல்கள் ஒன்றாகக் கிளம்பின.

சீனி முகம்மதுவுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. விடிந்ததிலிருந்து வந்தவர்களுக்கு உபசாரம் செய்ததில், தன் ஓட்டைப் போட அவரே போகவில்லை!

"அப்ப அந்த ஒரு ஓட்டை யாருப்பா போட்டது?"

கூட்டம் விலகியது. கையில் மாலையுடன் வாசலில் நின்றிருந்தார் அர்ஜுனன்.

"நான்தான். எனக்கு நானே போட்டுக்கக் கூச்சமா இருந்துச்சு. எனக்குப் போட நீங்க வருவீங்கன்னு நாலு மணி வரைக்கும் அங்கேயே உக்காந்திருந்தேன், அண்ணே."