மண்ணுக்குள் இறங்கும் கம்பி

"ஏ மூக்கம்மா! குடத்தைக் கீழே வை! இனி ஒரு சொட்டு ஊத்தினே, நான் மனுசனா இருக்க மாட்டேன்!"

தந்தி குமாஸ்தா சீனிச்சாமி போட்ட சத்தத்தில், ஏலக்காட்டுக்குக் கிளம்பிய பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

கோபம் வராமல் என்ன செய்யும்? சித்திரை மாசம். குரங்கணிக்கு மேலே மலையே காய்ந்து கிடக்கிறது. ஊற்றுத் தண்ணீர் வீட்டுக்கு இரண்டே குடம் என்று கங்காணி முறை வைத்திருக்கிறார். அதில் ஒரு குடத்தைக் கொண்டுவந்து, தந்திக் குடிசையின் பின்மூலையில், கம்பி மண்ணுக்குள் இறங்குகிற இடத்தில் கொட்டிவிட்டுப் போகிறாள் இந்தப் பெண்பிள்ளை. தினமும்!

ஏற்கெனவே இந்த ஊர் ஜனங்கள் முதல் தந்திக் கம்பத்துக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, 'பேசுற சாமி' என்று கும்பிட ஆரம்பித்திருந்தார்கள். இப்போது அபிஷேகம் வேறா?

"கம்பிக்கு எதுக்கும்மா தண்ணி? அது என்ன கருப்பசாமியா?"

"அது இல்லய்யா... அது வந்து..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். மதுரையில பரீட்சை எழுதி முதலாவதா தேறினவன் நான். இரும்பைச் சுத்திக் கம்பி. அதுல மின்சாரம் ஓடினா இரும்பு காந்தமாகித் தகட்டை இழுக்கும். நின்னா விட்டுரும். டக்கு, டக்கு. தந்தின்னா அவ்வளவுதான். இதுல சாமியும் இல்ல, பூதமும் இல்ல. ஒரு குடம் தண்ணியோட அருமை தெரியுமா உனக்கு?"

மூக்கம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். பெண்கள் சிரித்தார்கள். சீனிச்சாமிக்கு உள்ளுக்குள் ஏகப் பெருமை. இந்த மலைக்கு வந்து மூன்றே மாதத்தில் ஒரு மூடத்தனத்தை ஒழித்துவிட்டார் அல்லவா!

பத்து நாள் போனது. கடைசி இரண்டு நாளாகத் தந்திச் சத்தம் கொஞ்சம் மெலிந்துதான் கேட்டது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதினோராம் நாள் விடியற்காலையில் அவர் மனைவி செல்லத்தாய்க்குப் பிரசவ வலி கண்டது. வெயில் ஏறியும் பிள்ளை வரவில்லை. மருத்துவச்சி கையைப் பிசைந்துகொண்டு வெளியே வந்தாள்.

"பிள்ளை குறுக்கே கெடக்குதய்யா. இது என் கைக்கு மிஞ்சின சோலி. அடிவாரத்துப் போடியிலேருந்து டாக்டரை வெரசா வரச் சொல்லுங்க. பொழுது சாஞ்சிட்டா ரெண்டு உசுருக்கும் நான் பொறுப்பில்ல."

ஆள் இறங்கிப் போய்ச் சொல்லி, டாக்டர் மலையேறி வர நடுச்சாமம் ஆகிவிடும். தந்தி அடித்தால் பொழுது சாய்வதற்குள் குதிரையில் வந்துவிடுவார்.

சீனிச்சாமி ஓடினார். அடித்தார். போடியிலிருந்து பதில் இல்லை. மறுபடி அடித்தார். மூச்சுப்பேச்சில்லை!

பாட்டரி ஜாடிகளில் புதிதாக நவச்சாரத் தண்ணீர் விட்டார். துத்தநாகக் கம்பிகளைச் சுரண்டித் துடைத்தார். குடிசைக்குள்ளேயே கம்பிகளைச் சேர்த்துப் பார்த்தார். தந்திப் பெட்டி கணீரென்று டக்கடித்தது. ஆக, பாட்டரியும் சரி, பெட்டியும் சரி.

"கம்பி எங்கேயாவது அறுந்திருக்குமோ?"

கம்பி பார்க்கிற கன்னையன் அப்போதுதான் மலையேறி வந்திருந்தான். "போடியிலேருந்து கம்பியைப் பாத்துக்கிட்டேதான்யா வர்றேன். எங்கயும் அறுகலை."

எல்லாம் சரி. ஆனால் போடி பேசவில்லை. முதலாவதாகத் தேறியவருக்கு மூளை மரத்துவிட்டது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, ஐயோ பாவம், சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

பின்பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

பாய்ந்து போய்ப் பார்த்தால், மூக்கம்மாள்! பாதிக் குடம் காலி.

"அடிப்பாவி! எம் பொண்டாட்டி சாகக் கெடக்கா, உனக்கு இப்பவும் பூசையா?"

குடத்தைப் பிடுங்கப் போனார். அவள் விடவில்லை.

"போடிக்கு ஒத்தக் கம்பிதானேய்யா போகுது? போனது திரும்பி வந்து சேந்தாத்தான பொட்டி பேசும்? திரும்பி வர்ற வழி இந்த மண்ணுதான். மண்ணு இப்படிக் காஞ்சு கெடந்தா அது எப்படிய்யா வரும்?"

சீனிச்சாமி குடத்திலிருந்து கையை எடுத்தார். அந்த மூலையில் மண்ணுக்குள் செப்புத் தகடு புதைந்திருக்கிறது; மின்சாரம் சுற்றி வருகிற வட்டம் அங்கேதான் முடிகிறது. பரீட்சையில் இதே கேள்விக்கு முழு மார்க்கு வாங்கியவர் அவர்.

மீதித் தண்ணீரையும் மூக்கம்மாள் நிதானமாக ஊற்றி முடித்தாள். "நல்லா ஊறிருச்சு. இப்ப அடிச்சுப் பாருங்கய்யா."

ஓடிப்போய் அடித்தார். ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம், டக்கு... டக்கு டக்கு!

போடி பேசிவிட்டது!

பொழுது சாய்வதற்குள் டாக்டரின் குதிரை வந்து நின்றது. விளக்கு வைக்கிற நேரத்தில் பெண் குழந்தை வீறிட்டு அழுதது. தாய்க்கும் ஆபத்தில்லை.

சீனிச்சாமி நேராக மூக்கம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றார். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"தாயே, படிச்ச நான் மறந்துட்டேன். உனக்கு இதை யாரு சொல்லிக் குடுத்தது? உன் வீட்டுத் தண்ணியில பாதியை ஏன் அங்க ஊத்தினே?"

மூக்கம்மாள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"போன சித்திரையில எம் புருசன் மேல மரம் சாஞ்சிருச்சு. டாக்டரைக் கூப்பிடலாம்னா அன்னிக்கும் கம்பி பேசலை. அவரைப் பொதைச்ச மறுநாள் கீழேருந்து தந்தி ஆபீஸ் ஆளு ஒருத்தரு வந்தாரு. மண்ணு காஞ்சதுதான் காரணம்னு அப்ப இருந்த குமாஸ்தாவுக்கு என் கண்ணு முன்னால வெவரஞ் சொல்லிட்டு, அந்த மூலையில ஒரே ஒரு குடம் ஊத்துனாரு. ஒடனே பேசிருச்சு."

காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒரு குடம் தண்ணியோட அருமை எனக்குத் தெரியும்யா."