கை வைத்த ரவிக்கை

மங்கிவரும் சாயங்கால வெளிச்சத்தில், கதவருகே உட்கார்ந்து, மகள் கோமளாவின் கையில்லாத ரவிக்கைக்கு முத்தம்மாள் கை வைத்துத் தைக்கிறாள். தன் பழைய ரவிக்கையிலிருந்து வெட்டிய துணி. நீலத்தோடு நீலம் சேரவில்லை. பொன்னேரி தையல்காரரிடம் இந்தப் புது மோஸ்தருக்குத் தலையாட்டியவளே அவள்தான். தாவணியோடு அதைப் போட்டு நின்ற மகளைப் பார்த்து, எவ்வளவு அழகு என்று பூரித்தவளும் அவள்தான். காலையில் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போக ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்ற மகளை, அவள் அப்பா குப்புராஜ் பார்த்துவிட்டு, அப்படியே வீட்டுக்குத் திருப்பி அழைத்து வந்துவிட்டான். இப்போது வாசலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறான். தூரத்தில் பம்புசெட் ஓடுகிறது. “இன்னாங்க, கை வெச்சிட்டேன். நாளைக்கு இதப் போட்டுக்கினு பள்ளிக்கூடம் போவட்டுங்க.” “டேசன்ல அத்தினி ஆம்பிளைங்க பாக்க நின்னது போதும். இனிமே ஊட்லயே கெடக்கட்டும்.” “உங்கம்மா ரவிக்கையே இல்லாமதான இதே ஊர்ல நடவு நட்டாங்க. யாரு இன்னா சொன்னாங்க?” “அது வேற,” என்று சொல்லிவிட்டு, சுத்தமாகிவிட்ட மண்வெட்டியை மறுபடி தேய்க்கிறான். உள்ளே, கோமளா தன் பாடப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பரண்மேல் போடும் சத்தம் கேட்கிறது.