குளியலறையில் மகாராணி

"முதல்ல அவளைக் கொண்டுபோய்க் குளியலறையில ஒளிச்சு வைங்க. வீட்டுக்காரர் படியிறங்குற சத்தம் கேக்குது" என்றாள் மனைவி.

"மெதுவா தூக்கு. இன்னைக்குத்தான் நாலு புள்ளைங்களுக்குத் தாயாகியிருக்கா. குலுங்கக் கூடாது" என்றார் கடிகாரம் பழுது பார்க்கும் கணவர்.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கண்ணாடித் தொட்டியைத் தூக்கினார்கள். உள்ளே மகாராணி அசையாமல் வீற்றிருந்தாள். மகாராணி ஒரு குள்ளப் பச்சோந்தி. சுண்டுவிரல் நீளம், காய்ந்த இலையின் நிறம். பச்சையாக மாறக்கூடச் சோம்பல்படும் ஜென்மம்.

"என்னங்க இவ்வளவு கனம்? தொட்டி முழுக்க மண்ணையும் இலையையும் ரொப்பி வெச்சிருக்கீங்க."

"இலை மாடிப்படிக்குக் கீழ குப்பைக்கூடையில கிடந்தது. கழுவிக் காயவெச்ச மாதிரி அவ்வளவு சுத்தம். விட்டுட்டு வர மனசு வரலை."

"தெருவுல ஒரு மரம் கிடையாது. குப்பைக்கூடையில மட்டும் எங்கேயிருந்துதான் இலை முளைக்குதோ" என்று முனகியபடி அவள் பின்னால் நடந்தாள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. வாடகை ஒப்பந்தத்தின் பதினோராவது விதி, வீட்டில் எந்தப் பிராணியும் வளர்க்கக் கூடாது என்கிறது. போன வருடம் எதிர்வீட்டுக்காரர் ஒரு பூனைக்குட்டியை ஒரே ஒரு நாள் வைத்திருந்தார். மறுநாள் அவருடைய சாமான்கள் லாரியில் ஏறின.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மாடியில் குடியிருந்தார். ஐந்து மாதமாக அவருடைய சோதனை தாங்க முடியவில்லை. மின்விசிறி ஓடுகிறதா என்று பார்க்க வருவார், பார்ப்பதோ சோபாவுக்கு அடியில். சுவரில் ஈரம் இருக்கிறதா என்று கேட்பார், கை பூந்தொட்டியைத் துழாவும்.

கடிகாரக்காரர் இந்த வீட்டைப் பிடிக்கத் தெருத்தெருவாக மூன்று மாதம் அலைந்தவர். இதை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. மகாராணியை விட்டால் பேச்சுத் துணையும் இல்லை என்பார், மனைவி பக்கத்தில் இல்லாதபோது.

இன்று காலையில்தான் அதிசயம் நடந்தது. கடிகாரம் பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு தொட்டிக்குள் எட்டிப் பார்த்தவர், மண்ணிலிருந்து நகக்கண் அளவில் நான்கு குட்டிகள் ஏறி வருவதைக் கண்டார். மகாராணியின் தீனிக்காக அடுப்படியில் பழ ஈ வளர்க்கும் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு ஆடாத குறைதான்.

"ஒத்தையாத்தானே வாங்கிட்டு வந்தோம். ஆம்பளைத் துணை இல்லாம எப்படிங்க?" என்று கேட்டாள் மனைவி.

"என் பொண்ணைச் சந்தேகப்படாதே" என்றார் அவர். உண்மையிலேயே மனம் நொந்துபோனார். மகாராணியின் சாமர்த்தியத்தில் அவருக்கு அத்தனை நம்பிக்கை. ஓரடி நகர ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்பவள், சில நாள் கண்மூடித் திறப்பதற்குள் அடுத்த மூலையில் இருப்பாள். எல்லாம் தன் வளர்ப்பு என்று அவர் நினைத்திருந்தார்.

அழைப்பு மணி அடித்தது. வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்தார்.

"குளியலறைக் குழாய் ஒழுகுதான்னு பார்க்கணும்."

"ஒழுகலை சார்."

"அதை நான் பார்த்துட்டுச் சொல்றேன்."

கடிகாரக்காரர் குளியலறைக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். "உள்ள ஆள் இருக்கு சார்."

"வீட்டுல மொத்தம் ரெண்டு பேர். ரெண்டு பேரும் என் முன்னாடி நிக்கறீங்க. மீதி பூஜ்யம்தானே வரணும்?"

கணக்கு வாத்தியாரிடம் பொய் சொல்லிப் பிழைக்க முடியுமா? கதவு திறந்தது. வாளிக்குப் பக்கத்தில் தொட்டி பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"சார், ஒரு வாரம் டைம் குடுங்க, காலி பண்ணிடறோம். இன்னைக்கு மட்டும் துரத்தாதீங்க. பச்சப் புள்ளைங்க" என்றார் கடிகாரக்காரர்.

வாத்தியார் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடி தொட்டியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார்.

"தம்பி, இந்த இலையெல்லாம் என்னோட குப்பைக்கூடையில எடுத்ததா?"

"தப்புதான் சார். தெரியாம எடுத்துட்டேன்."

"எப்ப?"

"ஒரு அஞ்சு மாசம் இருக்கும்."

வாத்தியார் தொட்டியின் மூடியைத் திறந்தார். மூலையில் கிடந்த காய்ந்த இலை ஒன்றின் முன்னால் ஆள்காட்டி விரலை நீட்டினார். இலை ஒரு கண்ணை மட்டும் சுழற்றி அவரைப் பார்த்தது. பிறகு, பழகிய வீட்டுக்கு வருவதுபோல அவர் விரலில் ஏறிக்கொண்டது.

கடிகாரக்காரர் சட்டென்று எதிர் மூலையைப் பார்த்தார். மகாராணி அங்கேதான் இருந்தாள். விரலில் இருந்தது இன்னொரு பச்சோந்தி; ஆணுக்கே உரிய மாதிரி அவளைவிட வால் நீளம். இத்தனை நாள் மகாராணியின் வேகம் என்று தான் பூரித்ததெல்லாம் என்னவென்று அவருக்குப் புரிய ஆரம்பித்தது.

"சார், இது..."

வாத்தியார் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. மறுகையால் கைபேசியை எடுத்து மாடியில் இருக்கும் மனைவியை அழைத்தார்.

"நம்ம பையன் கிடைச்சுட்டான். தொட்டியைச் சுத்தம் பண்ணப்போ பழைய இலையோட இவனையும் குப்பையில கொட்டியிருக்கோம். கல்யாணமாகி நாலு புள்ளைங்களோட கீழ்வீட்டுலதான் குடியிருக்கான்."