உடையாத தேங்காய்

பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்கு எதிரே வந்ததும், அனந்தராமன் வழக்கம்போல் சாலைக்கு இந்தப்புறமே நின்றுவிட்டார்.

"பட்டாளத்துல இருந்தவராக்கும்! தேங்கா உடையற சத்தத்துக்கு இப்படிப் பேடிச்சா எப்படி? வாங்கோன்னா." விஜயம் இன்று விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பட்டாளம் என்றாலும் அங்கே அவருக்குச் சுத்தம் பண்ணுகிற வேலைதான். கல்யாணமான புதிதில் அவரே சொன்னது. கரமனைத் தெருவில் அதை வெளியே சொல்ல அவளுக்கு வெட்கம். 'ஆபீஸ் வேலை' என்றே சொல்லிவைத்திருந்தாள்.

அவள் ஓங்கி எறிந்த தேங்காய் உடையாமல் உருண்டு காலடிக்கே திரும்பி வந்தது. எடுக்கக் குனிந்தாள்.

"தொடாதே!"

அனந்தராமன் அவளைப் பின்னால் தள்ளிவிட்டுக் குறுக்கே நின்றார். உடம்பெல்லாம் வியர்த்திருந்தது.

"தேங்காதானே! என்னாச்சு உங்களுக்கு?"

"என்கூட இருந்த சுதீஷும் இப்படித்தான் குனிஞ்சான், விஜயம். சண்டை முடிஞ்ச எடத்துல வெடிக்காமக் கெடக்கற குண்டையெல்லாம் நாங்கதான் எடுக்கணும்."

"சுத்தம் பண்ற வேலைன்னு சொன்னேளே?"

"அதைத்தான் சொன்னேன்."

எதைச் சுத்தம் பண்ணினார் என்று இத்தனை வருஷத்தில் அவள்தான் ஒருநாளும் கேட்டதில்லை.