வழிமொழிபவர்

தூனிஸ் நகரின் கூட்ட அறை மேசையில் காலை வெயில் நீண்டு கிடக்கிறது. உலகப் புவியியலாளர் சங்கத்தில் ஒருவர் சேர வேண்டுமானால், அவருடைய நாட்டு உறுப்பினர் ஒருவர் வழிமொழிய வேண்டும். இந்த நாட்டில் உறுப்பினராக இருப்பவள் நசீஹா மட்டும்தான். அவள் பல வருடங்களாக அளந்துவந்த உப்பு ஏரிக்குத் தானே ஒரு வரைபடம் வரைந்து முந்திக்கொண்டு வெளியிட்ட துர்ரா, இப்போது சங்கத்தில் சேர விண்ணப்பித்துவிட்டு வாசலருகே கைப்பையின் வாரை முறுக்கியபடி நிற்கிறாள். "வழிமொழியறது யாருங்க?" என்று தலைவர் இரண்டாம் முறையாகக் கேட்கிறார். நசீஹா புதினாத் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருக்கிறாள். பக்கத்திலிருக்கும் மொராக்கோக்காரர் குனிந்து, "என்ன தங்கச்சி, சர்க்கரை இன்னுமா கரையல?" என்று கிசுகிசுக்கிறார். கரண்டி நிற்கிறது. பிஸ்மில்லா என்று முணுமுணுத்தபடி நசீஹா கையைத் தூக்குகிறாள். "நான் வழிமொழியறேன். ஏரியை என்னைவிட நல்லா வரைஞ்சிருக்கா." சொல்லும்போதே வயிறு எரிகிறது. கையை மட்டும் அவள் இறக்கவில்லை.